கம்பெனி செட்டா, கடை செட்டா? காரின் ஹெட் யூனிட்டை மாற்றும் கேள்வி

காருடன் வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாமா? சிறிய கேள்விதான். ஆனால் கார்களுக்குள் ரேடியோ நுழைந்த காலத்திலிருந்து இதற்கு ஒன்றையொன்று மறுக்கும் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. நல்ல ஒலி வேண்டுமானால் மாற்றியே ஆக வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. ஒலியைவிட வசதி பெரிது, போனோடு இணையும் திரை வேண்டும் என்கிறது இரண்டாவது தரப்பு. வண்டியின் மின்னணு ஏற்பாட்டில் கை வைக்காதே என்று எச்சரிக்கிறது மூன்றாவது. செட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைச் சுற்றியுள்ளவற்றை மேம்படுத்து என்பது நான்காவது.

இந்த நான்கு பதில்களும் எந்தச் சூழலில் தோன்றின, எதுவரை செல்லும், எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. நான்கு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அவை மோதிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ‘ஹெட் யூனிட்’ என்ற சொல் 1985இல் குறித்த பொருளை இன்று குறிக்கவில்லை.

கடையில் பிறந்த கருவி

கார் ரேடியோ, கார்த் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. 1930இல் சிகாகோவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் விற்ற செட், காரை வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. 1932இல் ஜெர்மனியில் புளோபுங்ட் வெளியிட்ட ஏஎஸ்5 ரேடியோவும் அப்படியே. அதன் பெட்டி டேஷ்போர்டில் அடங்காத அளவுக்குப் பெரிது; ஸ்டீயரிங் தண்டில் மாட்டிய கட்டுப்பாட்டைக் கொண்டுதான் அதை இயக்க வேண்டியிருந்தது. இன்று ‘வெளியில் போட்டது’ என்று சற்று ஏளனத்தோடு சொல்லப்படும் முறையே இக்கருவியின் தொடக்க முறை.

கார் நிறுவனங்கள் பின்னர் இதைத் தம் வசப்படுத்தின. கிரைஸ்லர் தன் 1956 மாடல்களில் இசைத்தட்டுச் சுழற்றியையே காருக்குள் வைத்துப் பார்த்தது. ஃபோர்டு 1966 மாடல்களில் எட்டு-டிராக் நாடாவைக் கொண்டுவந்தது. 1983 மாடல் கேடிலாக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் சேர்ந்து, அந்தக் காரின் உட்புறத்துக்கென்றே சரிசெய்த ஒலி அமைப்பைத் தந்தன. ஆனாலும் வெளிச்சந்தை பின்தங்கிவிடவில்லை. பயனியர் நிறுவனம் 1984இல் காருக்கான சிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெளிச்சந்தையை வாழவைத்தது ஓர் எளிய ஏற்பாடு. ஜெர்மானியத் தர அமைப்பு வகுத்த 180 × 50 மில்லிமீட்டர் முகப்பு அளவு பிறகு சர்வதேச அளவாயிற்று. அதுவே இன்றும் மெக்கானிக்குகள் சொல்லும் ‘சிங்கிள் டின்’. அதன் இருமடங்கு உயரம் கொண்ட ‘டபுள் டின்’ ஜப்பானியக் கார்களின் வழியே பரவியது. பின்புறக் கப்ளருக்கும் ஒரு சர்வதேசத் தரம் வந்தது. அளவும் இணைப்பும் பொதுவாக இருந்தவரை, யாருடைய செட்டையும் யாருடைய காரிலும் பொருத்த முடிந்தது.

எளிதாகக் கழற்ற முடிந்ததைத் திருடர்களும் பயன்படுத்திக்கொண்டனர். கையோடு எடுத்துச்செல்லும் செட், முகப்பை மட்டும் கழற்றும் செட், பேட்டரியைத் துண்டித்தால் ரகசிய எண் கேட்கும் செட் என 1980, 90களின் கண்டுபிடிப்புகள் பலவும் இந்தத் திருட்டுக்குப் பிறந்த பதில்கள். கார் நிறுவனங்கள் கண்ட நீடித்த பதில், செட்டை டேஷ்போர்டின் வடிவத்தோடு கரைத்துவிடுவது. வேறு காருக்குப் பொருந்தாததைத் திருடிப் பயனில்லை. உரிமையாளரும் அதை எளிதில் மாற்ற முடியாது என்பது அதன் மறுபக்கம்.

முதல் தரப்பு: ஒலிக்காக மாற்றுவோர்

கம்பெனி செட் செலவைக் குறைக்கச் செய்யப்பட்டது, வெளிச் செட்டில் ஒலி மேம்படும் என்பதே மிகப் பழைய வாதம். இதைச் சோதிக்க ஒரு சிறு கணக்கு போதும்.

செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப், என்ஜின் ஓடும்போது கிடைக்கும் ஏறத்தாழ 14.4 வோல்ட்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இயக்குகிறது. சிப்பில் ஏற்படும் இழப்பைக் கழித்தால், சிதறாத ஒலிக்கு ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்டே தேறும். அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று எழுதியிருப்பது எப்படி? 14.4 வோல்ட்டை அப்படியே இருமடியாக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வரும். ஒலி முழுவதுமாகச் சிதறிச் சதுர அலையாகும் நிலையின் எண் அது. அமெரிக்கத் தொழில்துறை 2000களின் தொடக்கத்தில், 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதச் சிதறல் என்ற நிபந்தனையில் அளக்கும் பொதுமுறையை வகுத்ததற்கு இந்தக் குழப்பமே காரணம். இயற்பியல் விதிக்கும் எல்லை கம்பெனி செட்டுக்கும் கடை செட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே ‘வாட்’டுக்காக மட்டும் செட்டை மாற்றுவதில் பெரிய லாபம் இருக்க வாய்ப்பில்லை.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல வெளிச் செட்டுகள், தனி ஆம்ப்ளிஃபயருக்கு 4 வோல்ட் வரையிலான சுத்தமான சிக்னலைத் தருகின்றன. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எந்த அதிர்வெண்ணை ஏற்க வேண்டும் என்று பிரித்துவிட முடிகிறது. கால ஒத்திசைவும் கிடைக்கிறது. நம் ஊர்க் காரில் ஓட்டுநருக்கு வலக் கதவு ஸ்பீக்கர் அருகில், இடக் கதவு ஸ்பீக்கர் தொலைவில். ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 3 மில்லிவிநாடி தாமதம். அருகிலுள்ளதை அந்த அளவு தாமதப்படுத்தினால், பாடகரின் குரல் கதவிலிருந்து வராமல் கண்ணாடிக்கு நேரே நிற்பதுபோல் கேட்கிறது. இந்த வாதத்தின் வலுவான பகுதி இதுவே.

பலவீனமும் உண்டு. பல கம்பெனி செட்டுகள், தம்முடன் வரும் எளிய ஸ்பீக்கர்களின் குறையை மறைக்கும்படி முன்கூட்டியே சரிசெய்யப்பட்டவை. ஸ்பீக்கரை அப்படியே விட்டு செட்டை மட்டும் மாற்றினால் அந்தத் திருத்தம் போய்விடும். புதிய செட்டில் பாட்டு முன்பைவிட மெலிந்து கேட்பதும் உண்டு. கதவுத் தகட்டின் அதிர்வு, டயர் இரைச்சல், காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஆகியவை குறையாக இருக்கும் காரில் செட்டைக் குற்றம் சொல்வது நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்றாகும். ஒலி மட்டுமே நோக்கம் என்றால் முதலில் கதவுக்கு அதிர்வடக்கும் டேம்பிங், பிறகு ஸ்பீக்கர், அதன் பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியில் செட் என்ற வரிசையே பொதுவாகப் பொருந்தும்.

இரண்டாம் தரப்பு: போனுக்காக மாற்றுவோர்

2014இல் ஆப்பிள் கார்பிளேயும் 2015இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தபின் கேள்வியின் முகமே மாறியது. வரைபடம், அழைப்பு, இசை எல்லாம் போனில் இருக்கும்போது, செட் அவற்றைக் காட்டும் கண்ணாடியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் வலுத்தது. கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதன் திரையிலுள்ள மென்பொருள் ஐந்தாறு ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். இந்த ஆயுள் வேறுபாடுதான் இரண்டாம் தரப்பின் அடிப்படை. 2022இல் அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல கார்களின் இணைய வசதிகள் ஒரேயடியாகச் செயலிழந்தன.

இந்தியாவில் இந்தத் தரப்புக்கு இன்னொரு வேரும் உண்டு. இங்கே டச் ஸ்கிரீன் பெரும்பாலும் உயர் வேரியண்டில்தான் கிடைக்கும். கூடவே அலாய் வீல் போன்ற பலவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்க வேண்டும். அடிப்படை வேரியண்டை வாங்கி, சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் திரையைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இந்த விலையமைப்பிலிருந்து வளர்ந்தது. வசதியை வசதியுள்ளவர்க்கு மட்டும் விட்டுவிடாத இந்த வழக்கத்தை மட்டமாகப் பார்க்க வேண்டியதில்லை.

கார் நிறுவனங்களே இந்த வாதத்தை ஓரளவு ஒப்புக்கொண்டுள்ளன. மாஸ்டா 2018இல், ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் கார்பிளேயைப் பின்னர் சேர்க்கும் தொகுப்பை அளித்தது. போர்ஷே தன் பழைய 911 கார்களின் டின் துளைக்குள் அடங்கும், பழந்தோற்றமும் புதிய வசதிகளும் கொண்ட செட்டைத் தானே விற்கிறது.

பலவீனம், பொருளின் தரத்தில் இருக்கிறது. மலிவான ஆண்ட்ராய்டு செட்டுகளில் திரை சொல்லும் நினைவக அளவும் பதிப்பு எண்ணும் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போவதில்லை என்ற குறை பரவலாக உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அரிது. வண்டி நிற்கும்போதும் மின்சாரம் இழுத்துப் பேட்டரியை இறக்கிவிடும் செட்டுகள் உண்டு. ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு 12 வோல்ட் கொடுக்க மறந்துவிட்டால், புதிய செட்டில் எஃப்.எம். கரகரக்கும், பழி செட்டின் மேல் விழும். மைக்கின் இடம் சரியில்லாவிட்டால் அழைப்பில் மறுமுனைக்குக் காற்றிரைச்சல்தான் கேட்கும். பொருத்துபவரின் கைத்திறன் செட்டின் விலைக்கு நிகரான காரணி என்பதை இத்தரப்பு பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறது.

மூன்றாம் தரப்பு: தொடாதே என்போர்

இந்தத் தரப்பின் வாதம் கேன் எனும் தகவல் கம்பியிலிருந்து தொடங்குகிறது. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்த முறையில், காரின் பல பாகங்கள் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. காலப்போக்கில் செட்டும் அந்த உரையாடலில் சேர்ந்தது. 2001இல் வந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசையில் ஒலிக் கருவிகள் கண்ணாடி இழை வளையத்தால் இணைக்கப்பட்டன. 2000களின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில், சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியே ரேடியோ வழியாகத்தான் வந்தது. ரேடியோவைக் கழற்றினால் மணியும் போயிற்று. அதை மீட்கத் தனி இடைமுகப் பெட்டி வேண்டியிருந்தது.

இன்று பல கார்களில் ஏ.சி. கட்டுப்பாடு, வண்டியின் அமைப்புகள், கேமரா எல்லாம் அதே திரையில்தான். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய இலகு வாகனங்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். சில கார்களில் அதன் எச்சரிக்கை ஹெட் யூனிட் வழியாக வருகிறது. பாட்டுப் பெட்டியாக இருந்தது பாதுகாப்புக் கருவியாக மாறிவிட்டது என்ற இத்தரப்பின் கூற்றை மறுக்க முடியாது. ஐ.நா.வின் வாகன இணையப் பாதுகாப்பு விதி ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் பொருந்துவதும் இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் இந்த வாதம் கம்பெனி செட் பாதுகாப்பானது, நிலைத்து நிற்பது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அனுபவம் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற ஆய்வாளர்கள் இணையம் வழியே ஒரு ஜீப் செரோக்கியின் கட்டுப்பாட்டுக்குள் புகுந்து காட்டினர். அவர்கள் நுழைந்த வாசல், கம்பெனி பொருத்திய ஹெட் யூனிட். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2021இல் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக்குப் பின்னிருந்த 8 ஜி.பி. நினைவகச் சிப் எழுதி எழுதித் தேய்ந்து, பின்பக்கக் கேமராவின் படமும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் கிடைக்காமல் போயின. 2022இல் சியாட்டில் பகுதியில் ஒரு வானொலி நிலையம் கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டு இல்லாத படக் கோப்புகளை ஒலிபரப்பியபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்களின் செட்டுகள் அந்த நிலையத்திலேயே உறைந்து, ஓயாமல் அணைந்து எழுந்தன.

இவற்றிலிருந்து கம்பெனி செட் மட்டம் என்ற முடிவு வராது. கெடும் பொருளை வண்டியோடு பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டால், அது கெடும்போது உரிமையாளருக்கு வேறு வழி என்ன என்ற கேள்விதான் எழுகிறது. அதற்கு இத்தரப்பிடம் நிறைவான பதில் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் எதிர்கால மின்சாரக் கார்களில் கார்பிளேயைக் கைவிடப்போவதாக 2023இல் அறிவித்தபோது இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைந்தது.

நான்காம் தரப்பு: செட்டை விட்டு மற்றதை மாற்றுவோர்

பிணைப்பு இறுகியதால் பிறந்த சமரசம் இது. கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் சிக்னலை எடுத்து, அதன் முன்திருத்தங்களை நீக்கி, தனி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ஒலிச் செயலிகள் இப்போது கிடைக்கின்றன. டேஷ்போர்டு, கேமரா, ஸ்டீயரிங் பொத்தான் எதையும் தொட வேண்டியதில்லை. கம்பி வழி கார்பிளே மட்டும் உள்ள காரில் அதைக் கம்பியில்லாமல் இயக்கும் சிறு கருவிகளும் இதே வகை.

குறைகள் உண்டு. ஒலி கூடக்கூடத் தாழ்சுருதியைத் தானே குறைத்துக்கொள்ளும் கம்பெனி செட்டுகளில், செயலியால் முழுமையாக ஈடுகட்ட முடிவதில்லை. உயர்சுருதியும் தாழ்சுருதியும் முன்பே வெவ்வேறு கம்பிகளில் பிரிக்கப்பட்டிருந்தால் அவற்றைச் சேர்த்தெடுப்பது தேர்ந்த கையின் வேலை. செலவும் பெரும்பாலும் ஒரு புதிய செட்டின் விலையைத் தாண்டிவிடும். முதிர்ந்த மென்பொருளுக்கோ செத்த திரைக்கோ இந்த வழியில் மருந்து இல்லை.

வாரண்டியும் சட்டமும்

‘வயரை வெட்டினால் வாரண்டி போய்விடும்’ என்ற எச்சரிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளிப் பொருளைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அப்பொருளே பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். இந்தியாவில் அதற்கு நேரான தனிச் சட்டம் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையில், வெளி மெக்கானிக்கிடம் சென்றாலே வாரண்டி ரத்து என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்றது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்குச் சென்றது. பழுதுபார்ப்பையும் உதிரிபாகத்தையும் பற்றியதே தவிர, செட் மாற்றத்தை நேரடியாகப் பேசியதும் அல்ல. நடைமுறையில் மின்பழுது ஏற்படும்போது வெட்டி ஒட்டிய கம்பி உரிமையாளருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. காரின் கப்ளரிலேயே பொருந்தும் ஹார்னஸ் கொண்டு, ஒரு கம்பியும் வெட்டாமல் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியும். பூசல் எழும்போது இந்த வேறுபாடு பெரிது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஸ்டீரியோ ஆர்.சி.யில் குறிக்கப்படும் விவரம் அல்ல என்பதால், செட் மாற்றம் மட்டும் இதற்குள் வராது என்று கருத இடமுண்டு.

கண் எங்கே இருக்கிறது?

நான்கு தரப்பும் போதிய அழுத்தம் தராத ஒன்று, ஓட்டுநரின் கவனம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2013 வழிகாட்டுதல், ஒரு பார்வை 2 விநாடிக்கும் ஒரு முழு வேலை 12 விநாடிக்கும் மேல் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்பது 44 மீட்டர். சுவீடனின் வி பில்யாகரே இதழ் 2022இல் 12 கார்களை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்தது. ரேடியோ, ஏ.சி. போன்ற எளிய பணிகளைப் பொத்தான்கள் கொண்ட 2005 வால்வோ வி70இல் 10 விநாடியில் முடிக்க முடிந்தது. மிக மோசமான திரைக் காரில் அதே பணிகளுக்கு 44.9 விநாடி ஆயிற்று. அதற்குள் கார் ஓடியது 1,372 மீட்டர். அந்த மோசமான திரையும் கம்பெனி பொருத்தியதே.

ஆகவே கவனச்சிதறல் கடைத் திரைக்கு மட்டும் உரிய குற்றம் அல்ல. ஆனால் கடைகளில் மட்டும் நடக்கும் ஒரு தவறு உண்டு. வண்டி நிற்கும்போது மட்டும் வீடியோ தெரிய வேண்டும் என்பதற்காகச் செட்டில் ஹேண்ட்பிரேக் கம்பி ஒன்று இருக்கிறது. அதை நிரந்தரமாக எர்த் செய்து, ஓடும் காரில் படம் தெரியும்படி கொடுப்பது வாடிக்கையாளர் சேவையாகக் கருதப்படுகிறது. இதற்கு ஆதரவாகச் சொல்ல எந்தத் தரப்பிலும் நியாயம் இல்லை.

தீர்ந்ததும் தீராததும்

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். டின் அளவுத் துளையும் தனித்த செட்டும் உள்ள காரில், நல்ல பொருளைக் கம்பி வெட்டாமல் பொருத்தும் மாற்றம் நியாயமானது. முதல் இரு தரப்பின் வாதங்கள் அங்கே நிற்கின்றன. ஏ.சி.யும் கேமராவும் வண்டியின் அமைப்புகளும் திரைக்குள் குடியேறிவிட்ட காரில் மூன்றாம் தரப்பின் எச்சரிக்கைக்கே எடை அதிகம். ஒலி வேண்டுவோர்க்கு நான்காம் வழி இருக்கிறது. எந்தக் காரிலும் ஒலிக்காக முதலில் பணம் செலவிட வேண்டிய இடம் ஸ்பீக்கரும் கதவும்தான்.

தீராதவை இரண்டு. கார் ஓடும் காலம் முழுவதும் அதன் திரையைப் பேணும் பொறுப்பு யாருடையது? அதைத் தயாரித்த நிறுவனம் கைவிட்டால், உரிமையாளர் பாதுகாப்பாக மாற்றிக்கொள்ள ஒரு பொது இணைப்பு வேண்டாமா? துளைக்கு 180 மில்லிமீட்டர் என்ற அளவையும் கப்ளருக்கு ஒரு பொது வடிவத்தையும் ஒப்புக்கொள்ள முடிந்த தொழில், தகவல் கம்பிக்கும் அப்படியொரு தரத்தை வகுக்க முடியாது என்று எண்ணக் காரணம் இல்லை. இணையப் பாதுகாப்பு அதற்குத் தடை என்ற வாதம் பரிசீலிக்கத் தக்கது. ஆனால் முடிந்த முடிவாக ஏற்க இதுவரையான அனுபவம் இடம் தரவில்லை.

அதுவரை, செட்டை மாற்ற நினைப்பவர் கடைக்காரரிடம் விலைக்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும்: என் காரில் இந்தச் செட் வழியாக வேறு என்னென்ன இயங்குகின்றன? ஒரு கம்பியும் வெட்டாமல் பொருத்த முடியுமா? பழைய செட்டை மீண்டும் வைக்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் டேஷ்போர்டைத் திறக்க விடாதீர்கள். கழற்றிய கம்பெனி செட்டைக் கடையில் விட்டுவராமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.